ஆங்கிலம் கற்பிக்க வந்தோர்: கிள்ளான் பள்ளத்தாக்கில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் கால்கொண்ட வரலாறு



ஆங்கிலம் கற்பிப்பதற்காகக் கடல்கடந்து செல்லுதல் இக்காலத்துப் புதுமை என நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். தென்கொரியா தன் அரசுப் பள்ளிகளுக்கு அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களை அழைக்கும் திட்டத்தை 1995ஆம் ஆண்டு தொடங்கியது. அதன்வழி அங்குச் சென்று இறங்கும் இளைஞருக்கு ஊர்மொழி தெரியாது. உணவு புதிது; குளிர் புதிது. வகுப்பறையில் தம்மையே நோக்கும் பிள்ளைகளுக்கும் தமக்கும் இடையே பொதுவான சொல் ஒன்றும் இல்லை. மாலையில் தம் அறைக்குத் திரும்பியதும், 'இவ்வூரில் நாம் எவ்வாறு வாழப்போகிறோம்?' என்னும் வினா அவர்முன் நிற்கிறது.

இவ்வினாவைத் தமிழர் சிலர் நூறாண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டனர். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வந்து இறங்கியவர்கள். தம் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தை, அதனைத் தாய்மொழியாகக் கொள்ளாத சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தவர்கள். அவர்கள் எவ்வாறு வந்தனர், எங்ஙனம் இம்மண்ணில் ஊன்றினர், ஊன்றியபோது எதனைப் பெற்றனர், எதனை நழுவவிட்டனர் என்பவற்றை இன்று ஆராய்வோம். இறுதி வினாவே நம் மன்றத்துக்கு மிகவும் உரியது. அதற்கு விடை காண வேண்டுமாயின் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் விளைந்த ஆங்கிலம்

யாழ்ப்பாணத் தீபகற்பம் ஆறில்லா நிலம். கிணற்று நீரும் பனையும் புகையிலையும் அதன் செல்வம். தலைமுறைதோறும் பங்கிடப்பட்டுச் சிறுத்துப்போன காணிகள் பெருகிய குடும்பங்களுக்குப் போதவில்லை. இத்தகைய மண்ணில் அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டு வந்து இறங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் அவர்களால் நிறுவப்பட்டன. வெசுலியன் சபையாரும் ஆங்கிலிக்கன் சபையாரும் தத்தம் பள்ளிகளைத் தொடங்கினர். நிலம் தராத விளைவைப் படிப்பு தரும் என்பதனை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் விரைவில் கண்டுகொண்டன.

இங்கே ஒன்றனை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அக்கால யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பித்தவரும் தமிழை வளர்த்தவரும் பலவேளைகளில் ஒருவராகவே இருந்தனர். ஆறுமுக நாவலர் வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆங்கிலமும் தமிழும் கற்பித்தவர். 1848ஆம் ஆண்டு அப்பணியை விடுத்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். சி. வை. தாமோதரம் பிள்ளை வட்டுக்கோட்டையில் கற்று, சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் இளங்கலைத் தேர்வில் வெற்றி பெற்றவர். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த பெருமை அவருடையது. ஆங்கிலக் கல்வி இவர்களைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுவன் முதலில் திண்ணைப்பள்ளியிலோ ஊர்ப்பள்ளியிலோ தமிழில் எழுத்தறிந்தான். நீதிநூல்களை மனனம் செய்தான். அதன்பின்னரே ஆங்கிலப் பள்ளியின் படியேறினான். ஊரும் கோயிலும் வீடும் அவனைச் சூழ்ந்து தமிழாகவே நின்றன. இந்த முறைவைப்பைப் பின்னர் நாம் நினைவுகூர வேண்டியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், படித்தவர் தொகை இலங்கை அரசு அளிக்கக்கூடிய வேலைகளின் தொகையை விஞ்சியது. அவ்வேளையில் கிழக்கே ஒரு வாயில் திறந்தது.

தண்டவாளம், அலுவலகம், பள்ளி

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே இடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைக்கும் பாதை திறக்கப்பட்டது. 1890இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரை அடைந்தது. 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒன்றிணைந்து கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின. நில அளவை, அஞ்சல், கருவூலம், மருத்துவமனை, இருப்புப்பாதை ஆகிய துறைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் கணக்கெழுதத் தெரிந்தவரைத் தேடின. இங்கிலாந்திலிருந்து ஆள் கொணர்தல் பெருஞ்செலவு. இலங்கையில் ஏற்கெனவே பணியாற்றிய ஆங்கில அதிகாரிகள் யாழ்ப்பாணத்தாரை அறிந்திருந்தனர். எனவே அழைப்பு அங்கே சென்றது.

முதலில் வந்தோர் எழுத்தர், நில அளவையர், நிலைய அதிபர். ஆசிரியர் சற்றுப் பின்னர் வந்தனர். அலுவலகங்கள் பெருகியபோது உள்ளூரிலேயே எழுத்தரை உருவாக்கும் பள்ளிகள் தேவையாயின. கோலாலம்பூர் விக்டோரியா கழகத்திற்கு 1893இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1894இல் அது திறக்கப்பட்டது. பென்னெட் அயர் ஷா அதன் முதல் தலைமையாசிரியர். அதன் தொடக்ககால அறங்காவலருள் ஒருவர் தமிழர்: பத்துமலைக் கோயிலோடு பெயர் பிணைந்த தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்து இராஃபிள்ஸ் கழகத்தில் ஆங்கிலம் பயின்ற அவர், அக்கல்வியின் பயனைத் தம் வாழ்விலேயே கண்டவர். 1897இல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும், 1904இல் செயின்ட் ஜான்ஸ் கழகமும் கோலாலம்பூரில் எழுந்தன. கிள்ளானில் மெதடிஸ்ட் சபையாரின் ஆங்கிலோ-சீனப் பள்ளி நடைபெற்றது. இத்தகைய பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் யாழ்ப்பாணத் தமிழர் இடம்பெற்றனர். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தோரும் அவர்களோடு பணியாற்றினர். எனினும் மிசன் பள்ளிகளின் வழிவந்த யாழ்ப்பாணத்தார்க்கு மிசன் பள்ளிகளின் நடைமுறை முன்னரே பழகியிருந்தது. அது அவர்களுக்கு வாய்த்த நன்மை.

இன்றைய கொரியத் திட்டத்தோடு இதனை ஒப்பிடுதல் தகும். கொரியா பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாக வழங்கும் நாடுகள் எனத் தான் கருதும் ஏழு நாடுகளின் குடிமக்களையே நாடுகிறது. அன்றைய மலாயா தாய்மொழியைக் கேட்கவில்லை. தேர்வுச் சான்றிதழைக் கேட்டது. ஆயின் தலைமைப் பதவியும் உயர்ந்த சம்பள நிலையும் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாயிருந்தன. ஒரே இலக்கணத்தை ஒரே பள்ளியில் கற்பித்த இருவருள் ஒருவருக்கு மலைமேல் பங்களா; மற்றவருக்குப் பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு.

வந்து இறங்கிய முதல் நாட்கள்

அக்காலப் பயணம் கொழும்பிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ தொடங்கிப் பினாங்கை நோக்கிச் சென்றது. கப்பலின் மேல்தளத்தில் பாய்விரித்து வந்தவர் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டனர். மேல்வகுப்புச் சீட்டு வாங்கியவர் நேரே கரையேறலாம். ஆங்கிலம் படித்த இளைஞர் சிலர் கடன்பட்டேனும் மேல்வகுப்பில் வந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தோட்டத் தொழிலாளரும் வருங்கால ஆசிரியரும் ஒரே கப்பலில் வந்தனர். கரையிலேயே அவர்களின் வழிகள் பிரிந்தன.

கிள்ளானுக்கு நியமனம் பெற்றவரை முதலில் சோதித்தது காய்ச்சல். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், மலேரியாவின் கொடுமையால் சில வாரங்களிலேயே மூடப்பட வேண்டியதாயிற்று. கிள்ளான் வட்டார மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்புநிலங்களுக்கு வடிகால் வெட்டிக் கொசுவின் பெருக்கத்தைத் தடுத்தார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்னும் உண்மையை ரொனால்டு ராஸ் இந்தியாவில் 1897இல் கண்டறிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வறிவு பெரிய அளவில் செயற்படுத்தப்பட்ட முதல் ஊர்களுள் கிள்ளானும் ஒன்று என்பதனை நம் அறிவியல் ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

கோலாலம்பூரில் சோதித்தது வெள்ளம். விக்டோரியா கழகத்தின் பழைய கட்டடம் ஆற்றங்கரையில் அமைந்திருந்தமையால் நீர் பலமுறை உட்புகுந்தது. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் நகரையே மூழ்கடித்தது. 1929இல் அப்பள்ளி பெட்டாலிங் குன்றின்மேல் குடியேறியது.

பிரிக்பீல்ட்ஸ், பெயருக்கேற்பச் செங்கற் சூளைகள் இருந்த இடம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் குடில்களையும் அழித்தபின், நகரம் செங்கல்லால் மீளக் கட்டப்பட்டது. அதற்கான செங்கற்கள் இங்கே சுடப்பட்டன. பின்னர் இருப்புப்பாதையின் பட்டறைகளும் ஊழியர் குடியிருப்புகளும் இங்கு அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' எனும் வரிசை வீடுகள் அண்மைக்காலம் வரை நின்றன. ஊரிலிருந்து புதிதாக வந்தவர், முன்னரே வந்த மாமனையோ மைத்துனரையோ ஊரவரையோ தேடி இத்தகைய வீடுகளுக்குத்தான் வந்தார். மணமாகாதோர் சிலர் கூடி ஒரு வீட்டை எடுத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்வர். ஊரிலிருந்து எவரேனும் வந்தால் ஒடியலும் பனாட்டும் கூடவே வரும்.

வகுப்பறை கற்பித்த பாடம்

ஊரில் தாம் கற்ற முறையில் இங்கே கற்பிக்க இயலாது என்பதனைப் புதிய ஆசிரியர் முதல் வாரத்திலேயே உணர்ந்திருப்பார். யாழ்ப்பாணத்து வகுப்பில் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் பெயர்த்துப் பொருள் சொல்லலாம். கோலாலம்பூர் வகுப்பிலோ கண்டோனியமும் ஹக்காவும் ஹொக்கியனும் மலாயும் தமிழும் பஞ்சாபியும் வீட்டுமொழிகளாக இருந்தன. பெயர்ப்பதற்குப் பொதுமொழி இல்லை. பொருளைக் காட்டியும், செய்து காட்டியும், படம் வரைந்தும், ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்க வேண்டியிருந்தது. வகுப்புக்கு வெளியே காவலாளியோடும் கடைக்காரரோடும் பேசச் சந்தை மலாய் கற்க வேண்டியதாயிற்று. மொழி கற்பிக்க வந்தவர் முதலில் மொழி கற்றார்.

பள்ளியின் பயன் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்பட்டது. அது கேம்பிரிட்ஜ் உள்ளூர்த் தேர்வு. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். விடைத்தாள் கப்பலில் திரும்பும். முடிவுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பர். ஏழாம் வகுப்பு முடித்தவருக்கே எழுத்தர் வேலை கிடைத்த காலத்தில், சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவர் குடும்பத்தையே நிமிர்த்தினார். நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களைக் கொண்டு வாக்கியத்தைப் பிரித்துக் காட்டிய ஆசிரியர், பிள்ளைகளின் பிழைப்புக்கு வழி வகுப்பதாக நம்பினார். பெற்றோரும் அவ்வாறே நம்பினர்.

பயிற்சியின்றிச் சேர்ந்த ஆசிரியர்களுக்காக 'நார்மல் வகுப்பு' எனும் பகுதிநேரப் பயிற்சி நடைபெற்றது. வாரநாட்களில் கற்பித்தவர், வார இறுதியில் மாணவராய் அமர்ந்தார். கல்லூரிநிலைப் பயிற்சிக்கு 1928இல் சிங்கப்பூரில் இராஃபிள்ஸ் கல்லூரி திறக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மணியடித்த பின்னர்

சம்பளம் ஒருவரைத் தங்கவைக்கும். வேரூன்றச் செய்வதற்கு அது போதாது. பள்ளிமணி அடித்தபின் அவர்கள் கட்டியெழுப்பியவற்றை இனி நோக்குவோம்.

பிரிக்பீல்ட்ஸை அடுத்த ஸ்காட் சாலையில், நல்லூர்க் கந்தசாமி கோயிலை நினைவூட்டும் வகையில், சிலாங்கூர் இலங்கைச் சைவர்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். ஆகம முறைப்படி பூசை நடக்கவேண்டும், நல்லூரில் நடப்பதுபோலவே நடக்கவேண்டும் என்பது அவர்கள் விழைவு. கிறித்தவராயிருந்த தமிழருக்குத் தமிழில் வழிபடும் சபைகள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸின் சீயோன் லூதரன் ஆலயம் அவ்வழிவந்தது.

சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியில் யாழ்ப்பாணத்தில் உரையாற்றினார். ஏழாண்டுகளுக்குப் பின், 1904ஆம் ஆண்டு, பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா ஆசிரமம் நிறுவப்பட்டது. இதன் பின்னணியில் யாழ்ப்பாணத் தமிழரே முன்னின்றனர். பின்னாளில் அதன் அரவணைப்பில் பள்ளிகளும் வளர்ந்தன. 2016இல் அக்கட்டடம் தேசிய மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பொருள்நிலையிலும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. மாதச் சம்பளக்காரர் பலர் கடனில் ஆழ்ந்திருந்தனர். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். தங்கைக்குச் சீதனம் சேர்க்க வேண்டும். தம்பியின் கப்பற்செலவையும் தாமே ஏற்க வேண்டும். வட்டிக்கடைக்காரரிடம் போகாதிருக்க ஒரு வழி 1922இல் பிறந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் அரசு ஊழியரின் சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. மாதந்தோறும் சிறுதொகை சேமித்து, தேவைப்படும்போது குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றனர்.

இத்தனைக்கும் பின்னரும் பலரின் மனம் ஊரிலேயே இருந்தது. விடுப்பில் சென்று மணம் முடித்தல், ஊரில் கல்வீடு கட்டுதல், ஓய்வூதியத்தோடு திரும்புதல் என்பதே முதல் தலைமுறையின் கனவு. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் 'மலாயாப் பென்சனியர்' என்னும் பெயர் மதிப்புக்குரியதாயிற்று. அவர்கள் திரும்பினர், அவர்தம் பிள்ளைகள் பலர் இங்கேயே நின்றனர்.

வேலிக்கு அப்பால்

இவ்வரலாற்றைப் பெருமையோடு மட்டும் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில், இவ்வாசிரியர்களின் மொழியையே பேசிய பல்லாயிரவர் வாழ்ந்தனர். அவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கு வரவில்லை, வர இயலவில்லை. ஆங்கிலப் பள்ளி நகரில் இருந்தது. மாதக் கட்டணம் கேட்டது. 1920களின் இறுதியில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு.

தொழிலாளர் சட்டம், 1912ஆம் ஆண்டு முதல், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் குறிப்பிட்ட தொகையினர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றி நல்ல பள்ளியைக் கேட்கவில்லை. பல தோட்டங்களில் எழுத்தறிந்த கங்காணியோ தொழிலாளியோ ஆசிரியரானார். காலையில் பால்மரம் சீவச் சென்ற பெற்றோர்க்கு உதவிவிட்டு வந்த பிள்ளைகள், ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பினரும் கலந்து அமர்ந்தனர். சில ஆண்டுகளில் படிப்பு முடிந்தது. மீண்டும் மரத்தடிக்கே சென்றனர்.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 'தமிழ் நேசன்' இதழின் துணையாசிரியர் ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளரின் கோரிக்கைகளுள் சில நம் நெஞ்சைத் தொடுவன. சம ஊதியம் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். மேலதிகாரிகளைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவை நீக்கக் கேட்டனர். அப்பட்டியலில் தம் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்று. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

கிள்ளான் நகரின் ஆங்கில வகுப்பறைக்கும் அத்தோட்டக் கொட்டகைக்கும் இடைப்பட்ட தொலைவு சில கல்தான். அதனைக் கடந்து சென்ற ஆசிரியர் சிலரே. அவர்களைக் குறைகூறுவது எளிது. அரசின் கல்விமுறையே தமிழ்ப் பள்ளியையும் ஆங்கிலப் பள்ளியையும் வெவ்வேறு உலகங்களாக அமைத்திருந்தது. சாதியும் ஊர்ப்பிரிவும் அவ்வேலியை உயர்த்தின. எனினும் ஒரே மொழியினர் இருவர் அவ்வேலியின் இருபுறமும் நின்றனர் என்பதனை நாம் மறைத்தல் கூடாது.

இருமுறை மாணவரானோர்

1942 சனவரியில் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. ஒரே இரவில் ஆங்கிலம் பகைவரின் மொழியாயிற்று. இருபது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர், வேலையைக் காத்துக்கொள்ள நிப்பொங்கோ வகுப்பில் எழுத்துக்கூட்டத் தொடங்கினார். சம்பளமாகக் கிடைத்த சப்பானியத் தாள்பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. வீட்டுக்கொல்லையில் மரவள்ளி நட்டே பலர் உயிர் பிழைத்தனர். தோட்டத்துத் தமிழருள் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மாண்டனர்.

இரண்டாம் முறை, விடுதலை பெற்ற நாட்டில் நிகழ்ந்தது. 1970ஆம் ஆண்டு ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பிலிருந்து மலாய் பயிற்றுமொழியாயிற்று. ஆண்டுக்கொரு வகுப்பாக மேலேறி, 1980களின் தொடக்கத்தில் அம்மாற்றம் பள்ளிக்கல்வி முழுவதையும் எட்டியது. ஆங்கிலத்தில் வரலாறும் கணிதமும் கற்பித்த நடுவயது ஆசிரியர் மீண்டும் மாணவரானார். தேசிய மொழிக்கு உரிய இடம் அளிக்கப்பட்டது, அதில் பிழையில்லை. ஆங்கிலத்தை மட்டும் நம்பிக் குடும்பத்தை அமைத்தவருக்கோ அது கடினமான காலம். அவர்தம் பிள்ளைகள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தனர். பாட்டனார் ஒருமுறை செய்ததைப் பேரர் மீண்டும் செய்தனர்.

வீட்டில் நிகழ்ந்த இழப்பு

இப்பொழுது நாம் தொடக்கத்தில் எழுப்பிய இறுதி வினாவுக்கு வருகிறோம். நாவலரையும் தாமோதரம் பிள்ளையையும் ஈன்ற கல்விமரபு, கோலாலம்பூரில் ஏன் அவ்வாறு தொடரவில்லை? ஆங்கில ஆசிரியர் வீடுகளின் இரண்டாம் மூன்றாம் தலைமுறையில் பலர் தமிழைப் பேச அறிந்தும் படிக்க அறியாதவராயினர். பின்னர்ப் பேச்சும் நழுவியது. ஆங்கிலம் வந்ததனால் தமிழ் போயிற்று என்று சிலர் எளிதாகச் சொல்வர். யாழ்ப்பாணத்து வரலாறு அவ்விடையை ஏற்கவில்லை; அங்கே ஆங்கிலம் வந்தும் தமிழ் செழித்தது.

வேறுபாடு முறைவைப்பில் உள்ளது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதலில் தமிழில் எழுத்தறிந்து பின் ஆங்கிலம் கற்றது. மலாயாவில் ஆங்கிலப் பள்ளி ஆறேழு வயதிலேயே பிள்ளையை ஏற்று, முதல் எழுத்தையே ஆங்கிலத்தில் அறிவித்தது. ஆசிரியரின் பிள்ளை அப்பள்ளியில் சேர்வது இயல்பாயிற்று. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோ அவ்வீட்டாரின் கண்ணுக்கு ஏழைகளின் பள்ளியாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும் கோயில் திருவிழாவும் வாரநாள் பள்ளிக்கு ஈடாகவில்லை. கோயிலைக் கட்டியவர், கூட்டுறவைக் கட்டியவர், தம் பிள்ளைகளுக்குரிய தமிழ்ப் பள்ளியைப் போதிய அளவில் கட்டவில்லை. ஏளனத்துக்குள்ளான தோட்டப் பள்ளியே எழுத்துத் தமிழை இம்மண்ணில் காத்தது. இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பல அக்கொட்டகைகளின் வழிவந்தவை.

இழந்ததை மீட்க முடியுமா எனின், முடியும் என்பதற்குச் சான்று ஒருவர் இருக்கிறார். தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார் 1913இல் யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, ஆங்கிலவழிக் கல்வியில் வளர்ந்தவர். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராயிருந்தபோதே, வளர்ந்த பருவத்தில், தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1961ஆம் ஆண்டு கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இந்நகரில் கூடியது அவர் முயற்சியால். பல வீடுகளில் உடைந்த அந்தப் பழைய இணைப்பு, ஆங்கிலப் புலமையும் தமிழ்ப் பற்றும் ஒருவரிடம் கூடும் அவ்விணைப்பு, இதே பள்ளத்தாக்கில் மீண்டும் கண்முன் நின்றது.

நிறைவாக

ஆசிரியப் பெருமக்களே, இவ்வுரையின் வழி நாம் உங்களிடம் வைக்க விரும்பும் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் பிள்ளையின் முதல் எழுத்து தமிழில் அமையட்டும். பின்னர் மலாயும் ஆங்கிலமும் சீனமும் வேண்டிய அளவு வளரட்டும். அவை தமிழைக் கெடுப்பதில்லை. தமிழ்ப் பள்ளியில் கற்பித்துக்கொண்டே தம் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பும் ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸின் பழைய வரலாற்றை மீண்டும் எழுதுகிறார்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை ஆங்கிலம் கற்பிக்கவோ வேறு பணி ஆற்றவோ அயல்நாடு செல்வீர்கள். சென்ற இடத்தில் ஊர்மொழியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பறைக்கு வர இயலாத பிள்ளைகள் எவர் என்று ஒருமுறையேனும் வேலிக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். அங்கே உங்களுக்கொரு குழந்தை பிறக்குமாயின், அதற்கு அகர முதல எழுத்தை நீங்களே கையைப் பிடித்து எழுதக் கற்பியுங்கள்.

ஸ்காட் சாலைக் கோயிலும் விவேகானந்தா ஆசிரமமும் இன்றும் நிற்கின்றன. மாணவரை அழைத்துக்கொண்டு ஒருநாள் அங்குச் செல்லுங்கள். இவற்றைக் கட்டியவருள் ஆங்கில ஆசிரியரும் இருந்தனர் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கட்டாமல் விட்ட ஒன்றைக் கட்டும் பணி நம்முடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.